பெர்லினுக்குப் பிறகு மூன்று நாள் இருந்தால் ஹாலே போங்கள்

என் பதில் ஹாலே. சாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலே. நீங்கள் கொடுத்த பட்டியலில் இந்தப் பெயர் இல்லை. டிரெஸ்டனா, ஹைடல்பெர்க்கா, ரோத்தன்பர்க்கா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். கணவருக்கு ஜூன் முதல் வாரம் பெர்லினில் வேலை, வியாழன் மாலை முடிகிறது, திங்கள் மதியம் பெர்லினிலிருந்தே ஊருக்கு விமானம். நடுவில் மூன்று முழு நாள். அவருக்குச் சரித்திரம் பிடிக்கும், உங்களுக்கு இசை. ஓடி ஓடிப் படம் பிடிக்கும் சுற்றுலா வேண்டாம், இருவரும் சைவம். இத்தனையும் வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு ஊர் தோன்றவில்லை.

ரோத்தன்பர்க்கை முதலில் விட்டுவிடுங்கள். அழகான ஊர்தான், ஆனால் பெர்லினிலிருந்து பல ரயில் மாறிப் போக வேண்டும். பகல் முழுக்கப் பேருந்துக் கூட்டம். ஹைடல்பெர்க் நாட்டின் மறுகோடி, போக ஒரு பகல், வர ஒரு பகல். டிரெஸ்டன் பக்கம்தான், ரயிலில் இரண்டு மணி நேரம். அது நல்ல தேர்வு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1945 பிப்ரவரியில் எரிந்து, பின்னால் பொறுமையாகக் கட்டி எழுப்பிய நகரம் அது. அதன் அடையாளமான ஃபிரவுன்கிர்ஷே தேவாலயமே 2005-ல்தான் மறுபடி திறந்தது. ஹாலேயும் போரில் அடி வாங்கியது, அதன் பழைய நகர மன்றம் அப்போது போனது. ஆனாலும் இந்த அளவுள்ள ஜெர்மன் நகரங்களில் போரை இவ்வளவு உயிரோடு கடந்தவை குறைவு. பழைய தெருக்கள் பெரும்பாலும் பழைய தெருக்களாகவே இருக்கின்றன.

நான் லைப்சிக்கில் இருக்கிறேன், ஹாலே எனக்குப் பக்கத்து ஊர். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அங்கே அழைத்துப் போவது வழக்கம். அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் எழுதுகிறேன்.

பெர்லின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். வியாழன் இரவு அங்கேயே போய்த் தூங்கலாம். சந்தைச் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அறை எடுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே விலை சற்றுக் குறையும், ஆனால் ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு சுற்று நடக்க வேண்டும் என்றால் ஊருக்கு நடுவில் இருப்பதுதான் சுகம். நீங்கள் போகும் நாட்களில், இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் ஹாண்டெலின் பெயரில் நடக்கும் இசை விழா நடந்துகொண்டிருக்கும். அதனால் அறைகள் சீக்கிரம் நிரம்பும். முதலில் அறை, பிறகு மற்றதெல்லாம்.

வெள்ளிக்கிழமை காலையை முழுதாக ஃபிராங்கே அறக்கட்டளை வளாகத்துக்குக் கொடுங்கள். இந்த ஊரைப் பரிந்துரைக்க முதல் காரணமே அதுதான்.

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, ஹாலேயின் மதிலுக்கு வெளியே கிளாவ்கா என்ற ஏழைக் குடியிருப்பில் பாதிரியாராக இருந்தவர். 1695-ல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் (அந்தக் காலத்து வெள்ளி நாணயங்கள்) போட்டுவிட்டுப் போனார்கள். அதை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். மூன்றே ஆண்டில், 1698-ல், அனாதை இல்லத்துக்கு அடிக்கல். அவர் 1727-ல் இறக்கும்போது அந்த வளாகத்துப் பள்ளிகளில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை எல்லாம் அங்கேயே இருந்தன. மருந்தும் புத்தகமும் விற்ற காசு பள்ளிக்குப் போனது. வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் முகப்பின் உச்சியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கும். உள்ளே நுழைந்தால் நீண்ட முற்றம், அதன் ஒரு பக்கம் முழுக்க ஆறு மாடி உயரத்துக்கு மரச்சட்டக் கட்டடம். ஐரோப்பாவிலேயே நீளமான மரச்சட்டக் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். முற்றத்தில் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வரும் இடமாக மட்டும் அது இல்லாமல், தொடங்கிய வேலையை இன்னமும் செய்துகொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழர்களுக்கு இந்த முற்றத்தோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் தரங்கம்பாடிக்கு அனுப்பிய பாதிரியார்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ இருவரும் ஹாலேயோடு தொடர்புடையவர்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றுக்கு 1708-ல் ஒரு விவரப் பட்டியலும் எழுதினார். தரங்கம்பாடியிலிருந்து எழுத்துகளின் வடிவத்தை வரைந்து ஹாலேக்கு அனுப்ப, இந்த வளாகத்தில் தமிழ் அச்செழுத்துகளை வார்த்து, அச்சுத் தொழில் தெரிந்தவர்களோடு கப்பலில் ஏற்றினார்கள். 1713-ல் அவை தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் பிறகு அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தமிழில் அச்சு அதற்கும் முந்தையது. 1578-ல் கொல்லத்தில் போர்த்துகீசியர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இருக்கிறது. ஆனால் அந்த முயற்சிகள் நின்றுபோயிருந்தன. தரங்கம்பாடியில் தொடங்கியது நிற்கவில்லை.

1714-ல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்தபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் உடன் வந்தார். அந்தப் பயணத்தின் பலனாக, லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஒன்று 1716-ல் இதே ஹாலேயில் அச்சானது. மெர்சபர்க்கைச் சேர்ந்த மரியா டோரத்தேயா சால்ஸ்மன் என்பவரை மணந்து, அவரையும் அழைத்துக்கொண்டு சீகன்பால்கு தரங்கம்பாடி திரும்பினார். 1719-ல் அங்கேயே இறந்தார், வயது 36. மெர்சபர்க் ஹாலேக்குப் பக்கத்து ஊர். ஹாலேயில் டிராம் ஏறினால் ஊர் ஊராகக் கடந்து அங்கேயே போய் நிற்கும்.

உங்கள் கணவருக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. சீகன்பால்கு 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ‘அந்தச் சமயத்தை நீக்கத்தான் உங்களை அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல’ என்ற பொருளில் ஃபிராங்கே மறுத்துவிட்டார். கையெழுத்துப் பிரதி ஒன்றரை நூற்றாண்டு அப்படியே கிடந்து, 1867-ல் சென்னையில்தான் அச்சுக்கு வந்தது. அவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள், இதில் மறைக்க எதுவும் இல்லை. அந்த நோக்கத்தோடு வந்த ஒருவர், தான் மாற்ற நினைத்த மக்களின் புத்தகங்களைப் படித்துப் படித்து, அவர்களைப் பற்றித் தன் நாட்டாருக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று நினைத்தார். அவரை அனுப்பியவர்கள் அதைக் கேட்க விரும்பவில்லை. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போனால், பார்க்கும் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

பிரதான கட்டடத்தின் மேல்மாடியில், கூரைக்கு அடியில், அற்புதப் பொருள் அறை இருக்கிறது. அருங்காட்சியகம் என்ற ஏற்பாடு இன்றைய உருவத்துக்கு வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் பொருட்களை எப்படிச் சேர்த்து வைத்தார்கள் என்பதை, அந்தக் காலத்து அலமாரிகளோடும் அந்தக் காலத்து வரிசையோடும் இங்கே பார்க்கலாம். கிட்டத்தட்ட 3,000 பொருட்கள். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு அண்ட மாதிரிகள் நிற்கும். ஒன்றில் பூமி நடுவில், மற்றதில் சூரியன் நடுவில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அலமாரிகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றின் தலைப்பலகையிலும் உள்ளே என்ன இருக்கிறதோ அதையே படமாக வரைந்திருக்கும். சிப்பி அலமாரிக்கு மேல் சிப்பிகள், பவள அலமாரிக்கு மேல் பவளம். கோட்ஃபிரீட் ஆகஸ்ட் கிரூண்ட்லர் என்ற ஓவியர் 1730-களின் பிற்பகுதியில் வரைந்தவை அவை. உலகெங்கும் போன பாதிரியார்கள் அனுப்பியதெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது, தரங்கம்பாடியிலிருந்து வந்தவையும்தான். தமிழ் ஓலைச்சுவடிகளின் பெரிய தொகுதி ஒன்று வளாகத்தின் காப்பகத்தில் இருக்கிறது. கணவருக்கு ஓலையைப் பக்கத்தில் பார்க்கும் ஆசை இருந்தால், காரணத்தைச் சொல்லி முன்கூட்டியே காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். நேரே போய்க் கேட்டால் நடக்காது.

அங்கிருந்து முற்றத்தைக் கடந்து நூலகம். 1728-ல் முடிந்த கட்டடம், நூலகத்துக்கென்றே கட்டி ஜெர்மனியில் இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. புத்தக அடுக்குகள் சுவரை ஒட்டி இருக்காது. நாடக மேடையின் பக்கத் தட்டிகளைப் போல இருபுறமும் நீட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக உள்ளே போகும். புகைப்படத்தில் அதன் ஆழம் வராது. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். பிறகு பிரதான கட்டடத்தின் கூரைத் தளத்துக்கு ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் இந்த வளாகத்துக்கு ஒட்டியே கட்டிய உயர்மட்டச் சாலையும் தெரியும். அந்தக் காலத்தில் கட்டடங்கள் ஒழுகி, இடியும் நிலைக்கு வந்திருந்தன. 1990-க்குப் பிறகு நூலக அறிஞர் பால் ராபே முன்னின்று ஒவ்வொன்றாக மீட்டார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தால் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரைத் தெரிந்திருக்கும், சரபோஜி மன்னருக்குப் பாதுகாவலராக இருந்தவர். அவரும் ஹாலேயில் படித்து, இங்கேயே தமிழைத் தொடங்கி, 1750-ல் தரங்கம்பாடி போய் இறங்கியவர்.

மதிய உணவுக்குப் பிறகு சந்தைச் சதுக்கம். சதுக்கத்தில் நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும், ஹாலேயின் முகமே அதுதான். நான்கு கோபுரங்கள் சந்தைத் தேவாலயத்தினுடையவை. ஐந்தாவது, தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். 84 மீட்டர் உயரம், அதற்குள் 76 மணிகள். ஒரே தேவாலயத்துக்கு ஏன் நான்கு கோபுரம்? முன்பு அங்கே இரண்டு தேவாலயங்கள் எதிரெதிரே இருந்தன. 1529-ல் கார்டினல் ஆல்பிரெக்ட் இரண்டின் நடுப்பகுதியையும் இடித்து, கோபுரங்களை மட்டும் விட்டு, அவற்றுக்கு நடுவில் புதிதாக ஒரே தேவாலயம் எழுப்பத் தொடங்கினார். இந்த ஆல்பிரெக்ட்தான் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையால், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் கோபத்துக்கு ஆளானவர். புதிய சீர்திருத்தத்துக்கு எதிராக ஒரு கோட்டை எழுப்ப நினைத்தார். கட்டடம் முடிவதற்குள்ளேயே, 1541-ல், ஊர் லூத்தர் பக்கம் போய்விட்டது, அவரும் ஊரைவிட்டுப் போனார்.

உள்ளே போய் பலிபீடத்தின் ஓவியத்தைப் பாருங்கள். மாதாவின் முன் அந்த ஆல்பிரெக்டே மண்டியிட்டிருக்கிறார், யாரும் அதை அழிக்கவில்லை. அதே தேவாலயத்தில் லூத்தரின் சாவுக்குப் பின் எடுத்த முகவார்ப்பும் கைகளின் வார்ப்பும் இருக்கின்றன. 1546 பிப்ரவரியில் ஐஸ்லெபனில் அவர் இறந்த பிறகு, உடலை விட்டன்பெர்க்குக்குக் கொண்டுபோகும் வழியில் ஓர் இரவு இந்தத் தேவாலயத்தில்தான் வைத்திருந்தார்கள். சண்டையிட்ட இருவரும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள். உங்கள் கணவர் இங்கிருந்து நகர நேரமாகும்.

அவர் அங்கே நிற்கட்டும், நீங்கள் பலிபீடத்துக்கு மேலே இருக்கும் சிறிய ஆர்கனை, தேவாலயங்களில் வாசிக்கும் குழல் வாத்தியத்தை, பாருங்கள். 1664-ல் செய்தது. ஹாண்டெலுக்கு அதில்தான் முதல் பாடம், கற்றுக்கொடுத்தவர் இந்தத் தேவாலயத்தின் ஆர்கனிஸ்ட் சாகாவ். ஹாண்டெலுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டியும் இங்கேயே இருக்கிறது. இசையமைப்பாளர் பாக் 1713-ல் இந்தத் தேவாலயத்தின் ஆர்கனிஸ்ட் வேலைக்கு வந்து வாசித்துக் காட்டினார். வேலை கிடைத்தும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனாலும் 1716-ல் புதிய பெரிய ஆர்கனைச் சோதித்துச் சொல்ல அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவருடைய மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமான் பின்னால் இங்கே பல ஆண்டுகள் ஆர்கனிஸ்டாக இருந்தார். ஒரே மாடத்தோடு இத்தனை பெயர்கள் சேர்வது அபூர்வம். தேவாலயத்தில் அடிக்கடி ஆர்கன் நிகழ்ச்சி நடக்கும், வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பாருங்கள்.

சதுக்கத்தின் நடுவில் ஹாண்டெல் சிலை, 1859-ல், இறந்து நூறாண்டு ஆனபோது வைத்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் அவர் பிறந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். 1685 பிப்ரவரி 23-ல் பிறந்தவர். அப்பா அறுவை மருத்துவர், மகனைச் சட்டம் படிக்க வைக்க ஆசைப்பட்டார். 1702-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவு செய்த ஹாண்டெல், அதே ஆண்டு கத்தீட்ரலில் ஆர்கனிஸ்ட் ஆனார். ஓராண்டு முடிந்ததும் ஹாம்பர்க் கிளம்பிவிட்டார். வீட்டைவிட அதனோடு சேர்ந்த பழைய வாத்தியங்களின் தொகுப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். விசைப்பலகை வாத்தியங்களின் வரிசை ஒன்றே போதும். ஹாண்டெல் வாசித்த கத்தீட்ரலும் பக்கத்தில்தான், கோபுரமே இல்லாத கத்தீட்ரல். விழாக் கச்சேரி ஒன்று அங்கே கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அரங்கில் கேட்பதற்கும், அவர் பதினேழு வயதில் வாசித்த இடத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த விழா 1952 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. பெரிய ஓப்பெராக்களின் சீட்டு விலை அதிகம், ஆனால் தேவாலயங்களில் நடக்கும் சிறிய நிகழ்ச்சிகள் கையைக் கடிக்காது.

சனிக்கிழமை லைப்சிக். நகர ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பாக் 1723 முதல் 1750-ல் இறக்கும் வரை பணிபுரிந்த தாமஸ் தேவாலயத்தில், சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சிறுவர் பாடகர் குழு பாடுவது வழக்கம். பள்ளி விடுமுறையிலும் குழு வெளியூர் போகும் நாட்களிலும் மாறும், அதனால் அந்த வாரத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் சிறு தொகைதான் வாங்குவார்கள். முக்கால் மணி நேரம் முன்னால் போனால் உட்கார நல்ல இடம் கிடைக்கும். பாக்கின் கல்லறை பலிபீடத்துக்கு முன்னாலேயே தரையில் இருக்கிறது. காலையில் ஊரைச் சுற்றிவிட்டு, பாட்டைக் கேட்டுவிட்டு, மாலையில் ஹாலே திரும்பிவிடலாம். இரண்டு பேருக்கும் சேர்த்து மாநில ஒருநாள் சீட்டு வாங்குங்கள். சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், தூரிங்கியா மூன்று மாநிலங்களிலும் உள்ளூர் ரயில்களில் செல்லும். அதிவேக ரயிலில் செல்லாது. வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் அந்தச் சீட்டில் ஏற முடியாது, சனி ஞாயிறு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஞாயிறு கடைகள் எல்லாம் மூடியிருக்கும். தண்ணீர், பழம், ரொட்டி எல்லாவற்றையும் சனி மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும், அதனால் நெப்ரா வான்தட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். அது இருப்பது மாநிலத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில். டிராமில் சில நிறுத்தங்கள்.

இந்தத் தட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 32 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெண்கலத் தட்டு, கி.மு. 1600 வாக்கில் மண்ணில் புதைத்தது. அதன்மேல் தங்கத் தகட்டில் பெரிய வட்டம் ஒன்று, பிறை ஒன்று, விண்மீன்கள். ஏழு விண்மீன்கள் மட்டும் நெருங்கிக் கூட்டமாக இருக்கும். நம் கார்த்திகை மீன் கூட்டம்தான் அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1999-ல் நெப்ரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலையுச்சியில், அனுமதியில்லாமல் உலோகம் தேடிய இருவர் அதை வாள்களோடும் கோடரிகளோடும் தோண்டி எடுத்து விற்றார்கள். கைமாறிக் கைமாறிப் போய், 2002-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், மாநிலத் தொல்லியலாளர் ஹரால்ட் மெல்லர் வாங்குபவரைப் போலப் போக, காவல்துறை வளைத்துப் பிடித்தது.

அது இருக்கும் அறை மிகவும் இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். பச்சை நிறம் காலத்தின் வேலை, செய்த புதிதில் தட்டு இருண்ட நிறமாக இருந்திருக்கும், இரவு வானத்தைப் போல. வலது ஓரத்தில் வில் போல ஒரு தங்கப் பட்டை இருக்கும். இடது ஓரத்தில் அதே போல ஒன்று இருந்து விழுந்துபோன தடம் தெரியும். அந்த வில் 82 பாகை. இந்த அட்சரேகையில் கோடைக் கதிர்த்திருப்பத்துக்கும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கும் இடையில் சூரியன் உதிக்கும் இடம் அடிவானத்தில் எவ்வளவு நகருமோ, சரியாக அந்த அளவு. விளிம்பைச் சுற்றிப் பின்னால் யாரோ குத்திய சிறு துளைகள். மேல் இடப் பக்கம் விளிம்பு சிதைந்திருக்கிறதே, அது பழங்காலச் சேதம் அல்ல, தோண்டியவர்களின் கருவி பட்டது. ஒரே தட்டை பல தலைமுறை மாற்றி மாற்றித் திருத்தியிருக்கிறார்கள். முதலில் வானம் மட்டும், பிறகு அடிவான வில், அதற்கும் பிறகு கீழே ஒரு படகு. தங்கம் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் செம்பு ஆஸ்திரிய மலையிலிருந்தும் வந்தவை என்று உலோகப் பரிசோதனை காட்டியது. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன் அவ்வளவு தூர வணிகம். மற்ற அறைகளையும் ஓட்டமாகப் பார்க்க வேண்டாம், கற்காலப் பகுதி அற்புதமாக அமைந்தது.

அங்கிருந்து சாலே ஆற்றை நோக்கிப் போனால் கீபிக்கன்ஸ்டைன் கோட்டை. மேல் கோட்டை பாறையுச்சியில் இடிபாடாக நிற்கிறது, கீழ்க் கோட்டையில் கலைப் பல்கலைக்கழகம். மேலிருந்து பார்த்தால் ஆறு வளைந்து போவது தெரியும். கீழே பாலத்தில் கெர்ஹார்ட் மார்க்ஸ் 1928-ல் செய்த இரண்டு பெரிய சிலைகள். நகரத்தைப் பார்த்த பக்கம் குதிரை, கிராமத்தைப் பார்த்த பக்கம் பசு. ஆற்றோரப் பாதையில் திரும்பி நடங்கள். மூன்று நாளில் எனக்கு மிகப் பிடித்த மணி நேரம் இதுதான், இருவர் பேசிக்கொண்டே நடப்பதற்கு இதைவிட நல்ல வழி ஊரில் இல்லை.

நேரம் இருந்தால் ஒரே ஓர் இடம் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், ஸ்டாட்கோட்டசாக்கர் என்ற பழைய கல்லறைத் தோட்டம். 1557-ல் தொடங்கியது. இத்தாலியப் பாணியில், நாலு பக்கமும் 94 வளைவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பத்தின் கல்லறை. எல்லா வளைவிலும் செதுக்கு வேலை வேறு. ஃபிராங்கேயும் ஹாண்டெலின் அப்பாவும் இங்கேதான் இருக்கிறார்கள். மோரிட்ஸ்பர்க் கோட்டைக் கலைக்கூடமும் நல்லது. 1929 முதல் 1931 வரை அதன் கோபுரத்தில் இருந்துதான் லியோனல் ஃபைனிங்கர் இந்த ஊரின் தேவாலயங்களை வரைந்தார், நாஜிகள் பறித்த அந்த ஓவியங்களில் சில திரும்ப வந்திருக்கின்றன. ஆனால் மூன்று நாளில் இதையும் திணித்தால் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஓட்டமாகிவிடும்.

ஹும்போல்ட் தெருவில் யூத வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. 2019 அக்டோபர் 9, அவர்களுடைய மிகப் புனிதமான நாளில், ஆயுதத்தோடு வந்த ஒருவன் உள்ளே நுழையப் பார்த்தான். கனத்த மரக்கதவு தாங்கியது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருவரைக் கொன்றான். அந்தக் கதவு இப்போது நினைவுச் சின்னத்தின் பகுதி. ஊரின் கதையில் இதுவும் இருக்கிறது, தெரிந்துகொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக ஊர் என்பதால் வெஜிடேரியன், வீகன் கடைகள் தாராளம். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வேலைக்கு வந்த வியட்நாமியர் குடும்பங்கள் நடத்தும் உணவகங்களில் டோஃபு சாதம் நம்பிக்கையாகக் கிடைக்கும், மீன் சாஸ் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஜூன் 24 வரை வெள்ளை ஆஸ்பராகஸ் பருவம், வேகவைத்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். அதன்மேல் ஊற்றும் மஞ்சள் சாஸில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாதவர் என்றால் உருக்கிய வெண்ணெய் கேளுங்கள். ஊருக்கு வாங்கிப்போக ஹாலோரன் சாக்லேட் உருண்டை நல்லது. 1804-ல் தொடங்கிய தொழிற்சாலை, ஜெர்மனியின் மிகப் பழைய சாக்லேட் தொழிற்சாலை. இங்கே உப்புக் காய்ச்சிய தொழிலாளர்களை ஹாலோரன் என்பார்கள், அவர்களுடைய விழாச் சட்டையின் வெள்ளிப் பொத்தானைப் பார்த்துத்தான் அந்த உருண்டைக்கு வடிவம் வந்தது.

காலணி நல்லதாக இருக்கட்டும், சதுக்கத்தைச் சுற்றிக் கருங்கல் பாவிய தெருக்கள். ஜூனிலும் மாலையில் குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். திங்கள் காலை பெர்லின் ரயிலை விமானத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் முன்னால் ஹாலேயிலிருந்து கிளம்புவதாகப் பதிவு செய்யுங்கள், இங்கே ரயில் தாமதம் சகஜம். கச்சேரிச் சீட்டு எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், விழாவின் அந்த வார நிகழ்ச்சி நிரலை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.